போனிலிருந்து புத்தகத்துக்கு: ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் போனில் படிப்பதை விட்டு அச்சுப் புத்தகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று வருபவர்களிடம் சொல்பவன் நான். அதனால் ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் கல்லாப் பக்கத்தில் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வந்துகொண்டிருக்கும். தாய்மார்கள், வாத்தியார்கள், சில நேரம் பிள்ளைகளே கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். "கடைக்காரன் தன் வியாபாரத்துக்காகப் பேசுகிறான்" என்று நினைப்பவர்கள், எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கான பதிலை முதலில் படித்துவிட்டு வரலாம்.

நம்ம பிள்ளைங்க எப்ப புத்தகத்தை விட்டுச்சுங்க, இப்ப திரும்பி வர்றதுக்கு?

நியாயமான கேள்வி. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் வருஷா வருஷம் இலவசமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. பாடநூலையே எடுத்துவிட்டு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்த கதை இங்கே நடக்கவில்லை.

நடந்தது வேறு. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். பாடம் கல்வித் தொலைக்காட்சிக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் போனது. பள்ளியைத் திறந்த பிறகும் அந்தக் குழுவை யாரும் மூடவில்லை. நோட்ஸ் பிடிஎஃப்பில், வீட்டுப்பாடம் போட்டோவில், செய்யுள் யூடியூபில் என்றே ஓடுகிறது. ஜூனில் மறு பைண்டிங்குக்கு வரும் பழைய பாடநூல்களைப் பிரித்தால் தெரியும். முதல் இரண்டு பாடம் விரல் அழுக்கில் கறுத்திருக்கும், ஓரத்தில் பென்சில் குறிப்பு இருக்கும். நடுப்பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருக்கும், சில தாள்களின் ஓரம்கூடப் பிரிந்திருக்காது. திரும்புவது என்று நான் சொல்வது அந்த நடுப்பக்கங்களுக்குத்தான்.

சுவீடன்ல டேப்லெட்டை எல்லாம் தூக்கிப் போட்டுட்டாங்களாமே, நெசமா?

தூக்கிப் போடவில்லை. எதற்கு முதலில் காசு செலவழிப்பது என்ற வரிசையை மாற்றினார்கள். பாலர் பள்ளிகளில் டிஜிட்டல் கருவி கட்டாயம் என்ற ஏற்பாட்டைக் கைவிடுவதாக அந்நாட்டு அரசு 2023-ல் அறிவித்தது. அச்சுப் பாடநூல் வாங்க அந்த வருஷத்துக்கு மட்டும் 68.5 கோடி குரோனா (அந்நாட்டு நாணயம்) ஒதுக்கியது. பின்லாந்திலும் ரீஹிமாகி என்ற ஊர் 2024-ல் அச்சு நூல்களைப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவந்தது.

காரணம் என்னவென்றால், நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் பிர்ல்ஸ் என்ற பன்னாட்டுத் தேர்வில் சுவீடன் 2016-ல் 555 மதிப்பெண் வாங்கியிருந்தது. 2021-ல் அது 544 ஆனது. பழி முழுவதும் டேப்லெட்டுக்கு என்று சொல்லிவிட முடியாது. நடுவில் கொரோனா வந்தது. அந்தத் தேர்வின் நடுக்கோடு 500 என்பதால் 544 ஒன்றும் மோசமும் இல்லை. அந்தச் சரிவுக்கே அவர்கள் பதறினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

தாள்ல படிச்சா என்னங்க வித்தியாசம்? எழுத்து ஒண்ணுதானே?

எழுத்து ஒன்றுதான், படிக்கும் விதம் மாறிவிடுகிறது. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை, மொத்தம் 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டவை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018-ல் வெளியானது. அறிவியல், வரலாறு மாதிரி தகவல் பாடங்களைத் தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் கூடுதலாக இருந்தது. நேரக் கெடு வைத்துப் படிக்கச் சொன்னபோது வித்தியாசம் இன்னும் பெரிதானது. பிள்ளைகள் திரைக்குப் பழகப் பழக இது குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? வருஷம் போகப் போகக் கூடியிருந்தது. வித்தியாசம் மலையளவு இல்லை, ஆனால் திரும்பத் திரும்ப ஒரே பக்கம்தான் சாய்ந்தது. நார்வேயில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 72 பேரை வைத்துச் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்விலும் தாளில் படித்தவர்களே பிடிஎஃப்பில் படித்தவர்களைவிட நன்றாகப் பதில் சொன்னார்கள்.

ஏன் என்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். எனக்கு நம்பும்படி இருப்பவை இரண்டு. தாளில் ஒரு செய்தி எங்கே இருந்தது என்பதும் சேர்ந்து மனதில் நிற்கிறது: இடப்பக்கம், கீழே, படத்துக்கு மேலே என்று. திரையில் தள்ளிக்கொண்டே போனால் அந்த இடம் கிடையாது. இன்னொன்று, திரையில் படிப்பவர்களுக்குப் புரியாததும் புரிந்த மாதிரி தோன்றிவிடுகிறது. சீக்கிரமே "முடிச்சுட்டேன்" என்று எழுந்துவிடுகிறார்கள்.

அப்ப கதைப் புத்தகம் போன்ல படிச்சா பரவாயில்லையா?

மேலே சொன்ன தொகுப்பாய்வில் கதைகளுக்குத் தாளுக்கும் திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே படிக்கலாம். ஆனால் அந்த ஆய்வுகளில் நடுவில் யாரும் ரீல்ஸ் அனுப்பியிருக்க மாட்டார்கள். போனில் கதை படிக்கும் பெரியவர்கள் நெட்டை அணைத்துவிட்டுப் படித்தால் போதும். கிண்டில் மாதிரி படிப்பதற்கென்றே வந்த கருவியைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை.

வாட்ஸ்அப்புலதான் வீட்டுப்பாடம் அனுப்புறாங்க. போனைக் குடுக்காம எப்படிண்ணே முடியும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சாயங்காலம் ஆறரை மணிக்குச் செய்தி வரும். வீட்டில் ஒரே போன், அது அப்பாவிடம் இருக்கும், அவர் வயலிலோ கடையிலோ இருப்பார். அவர் வந்து போன் பிள்ளை கைக்குப் போனால், வீட்டுப்பாடத்துக்குப் பத்து நிமிஷம், அப்புறம் ஒன்றரை மணி நேரம் வேறு எதற்கோ.

வீட்டளவில் செய்யக்கூடியது: போனைப் பெரியவர் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள், பிள்ளை நோட்டில் எழுதட்டும். அம்மாவுக்குப் படிக்க வராது என்றால் அக்காவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ படிக்கலாம். கேட்டு எழுதுவதே பாதிப் பாடம். ஒரு தெருவில் நாலு பிள்ளைகள் ஒரே வகுப்பு என்றால் ஒரு வீட்டில் எழுதியதை மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

பள்ளியளவில்: வீட்டுப்பாடத்தைக் கடைசிப் பீரியடில் கரும்பலகையில் எழுதிப் போட்டு, டைரியில் எழுதி வரச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம். அதில் பெற்றோர்தான் அதிகம் பேர். ஒருவர் போய்க் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். ஆறு பேர் சேர்ந்து போனால் மறுநாளே கரும்பலகைக்கு வந்துவிடும். வாத்தியாருக்கும் இது பாரம் இல்லை, ராத்திரி ஒன்பது மணிக்கு "சார், போட்டோ தெளிவா இல்ல" என்று செய்தி வரும் தொல்லை அவருக்கு மிச்சம்.

இந்த பிடிஎஃப்பை முழுசா பிரிண்ட் போட்டுக் குடுங்க. எவ்வளவு ஆகும்?

முழுசாகப் போடாதீர்கள். பாடநூல் என்றால் தமிழ்நாடு பாடநூல் கழகம் அச்சிட்ட புத்தகத்தையே வாங்குங்கள். முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுக்கும் காசில் பல நேரம் வண்ணப் படத்தோடு புதுப் புத்தகமே வந்துவிடும். கறுப்பு வெள்ளையில் வரைபடத்தில் கடல் எது கரை எது என்று தெரியாமல் திண்டாட வேண்டாம். ஆசிரியர் அனுப்பிய நோட்ஸ் என்றால் அதில் உண்மையாகத் தேவைப்படும் பக்கம் எது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். நாற்பது பக்க நோட்ஸில் பன்னிரண்டு பக்கம் பாடநூலில் உள்ளதன் நகலாகவே இருக்கும்.

காசை மிச்சம் பிடிக்க ஒரு தாளில் இரண்டு பக்கம் போடச் சொல்வார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரி. ஆறாம் வகுப்புக்குள் வேண்டாம், எழுத்து எறும்பாகிவிடும். முன்னும் பின்னும் போடுங்கள், அதுவே பாதித் தாள். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றால் ஸ்பைரல் போதும். தம்பிக்கும் வேண்டும் என்றால் தைத்து, முதுகுக்குக் காலிகோ துணி ஒட்டிய அட்டை பைண்டிங் கேளுங்கள். கடைகளில் விற்கும் கைடை முழுசாக ஜெராக்ஸ் கேட்டால் நான் போட்டுத் தருவதில்லை. எழுதியவனுக்கும் அச்சிட்டவனுக்கும் வயிறு உண்டு.

பழைய புத்தகம் வாங்கலாமா? சிலபஸ் மாறிப் போயிருக்குமே?

தாராளமாக வாங்கலாம். உள்ளட்டையில் முதல் பதிப்பு எந்த வருஷம், திருத்திய பதிப்பு எந்த வருஷம் என்று போட்டிருக்கும். 2018-ல் புதிய பாடத்திட்டம் வகுப்பு வகுப்பாக வரத் தொடங்கியது, அதற்கு முந்தியது என்றால் வைத்துவிடுங்கள். கியூஆர் கோடு இருந்தால் புதுப் பாடத்திட்டம் என்று தோராயமாகச் சொல்லலாம். அப்புறம் பொருளடக்கத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புதுப் புத்தகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

முந்தைய ஆள் கோடு போட்டு வைத்த புத்தகம் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், நன்றாகப் படித்த பிள்ளையின் கோடு என்றால். விடைகளைப் பேனாவில் நிரப்பிய பயிற்சிப் புத்தகம் மட்டும் வேண்டாம்.

பை கனக்குதே. டேப்லெட்னா ஒரு கிலோ கூட இல்ல.

2020-ல் மத்திய அரசு வெளியிட்ட புத்தகப்பைக் கொள்கை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்கிறது. 30 கிலோ பிள்ளைக்கு 3 கிலோ. வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நோட்டுகள், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், இவைதான் பெரும் எடை. பாடநூலைக் கீழ் வகுப்புகளுக்குப் பருவம் பருவமாகப் பிரித்துக் கொடுப்பதே எடைக்காகத்தான். கால அட்டவணைப்படி பையை அடுக்குவது பிள்ளையின் ராத்திரி வேலையாக இருக்கட்டும்.

ஐப்பசி கார்த்திகை ஈரத்துல புத்தகமெல்லாம் பூத்துப் போவுதே, போன்னா அந்தத் தொல்லை உண்டா?

டெல்டாவில் காகிதத்துக்கு எதிரான உண்மையான வாதம் இது ஒன்றுதான் என்பேன். அடைமழை தொடங்கினால் சுவரே வியர்க்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். கீழ்த்தட்டு தரையில் படக் கூடாது, கரையான் அங்கிருந்துதான் ஏறும். புத்தகங்களை நெருக்கி அடைக்காதீர்கள். வெயில் அடிக்கும் நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள், புத்தகத்தை வெயிலில் காயப் போட வேண்டாம், தாள் வறண்டு ஒடியும். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து மூலையில் வைப்பது பழைய வழக்கம். நாங்கள் பைண்டிங் பசைக்கு மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் சேர்ப்பதும் பூச்சிக்காகத்தான். அது விஷம், வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

நனைந்துவிட்டால் பதறிப் பிரிக்காதீர்கள். விசிறி மாதிரி லேசாக விரித்து நிற்க வையுங்கள், மின்விசிறியை ஓட விடுங்கள். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு பழைய செய்தித்தாள் செருகி, ஈரமானதும் மாற்றுங்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர் புத்தகம் நனைந்தால்தான் சிரமம், காய்ந்தபின் பலகையாக ஒட்டிக்கொள்ளும். அதை ஈரமாக இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரிக்க வேண்டும்.

போனுக்கும் தொல்லை உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, எங்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். கூரை பறந்த வீடுகளில் புத்தகமும் போனது, அதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் சரசுவதி மகாலில் சரபோஜி மன்னர் காலத்துக்கும் முந்தைய ஓலைச்சுவடிகளும் தாள் சுவடிகளும் இத்தனை மழைக்காலம் தாண்டி இருக்கின்றன. யாரோ ஒருவர் தொடர்ந்து எடுத்துத் துடைத்து வைத்ததால் இருக்கின்றன.

புத்தகம்னா கண்ணுக்கு நல்லதுதானே?

ஓரளவுக்குத்தான். திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது, அதனால் கண் உலர்ந்து எரிகிறது. தாளில் அது குறைவு. ஆனால் கிட்டப்பார்வைக் கோளாறு தாளுக்கும் வரும். எதையும் மணிக்கணக்காகக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்ப்பதும், வெளிச்சத்தில் விளையாடாமல் இருப்பதும்தான் சிக்கல். மங்கிய விளக்கில் படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கும் பிள்ளையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்லுங்கள், சாயங்காலம் வெளியே துரத்துங்கள். கைக்குழந்தைகள் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

காகிதத்துக்கு மரம் வெட்டணுமே, அது பாவமில்லையா?

வெட்டத்தான் வேண்டும், கொஞ்சம். ஆனால் காகிதம் என்றாலே காடு அழிகிறது என்பது சரியில்லை. கரூர் மாவட்டம் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-ல் தொடங்கப்பட்டதே கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத்தான். மரக்கூழுக்கு வெட்டப்படும் சவுக்கு, நம் கடலோரத்தில் பயிர் மாதிரி நட்டு வளர்த்து வெட்டுவது. போனுக்குள் இருப்பதும் சுரங்கத்தில் தோண்டியதுதான். ஒரு புத்தகத்தை அண்ணன், தம்பி, பக்கத்து வீடு என்று நாலு பேர் படித்தால் கணக்கு இன்னும் நேராகும்.

வாங்கி அடுக்க வசதி இல்லைங்க. என்ன பண்றது?

வாங்கவே வேண்டாம். நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்ந்து போகிறது. 1948-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. காசு கட்டியாகிவிட்டது, போய் எடுங்கள். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று ஏதாவது ஒன்று சைக்கிள் தூரத்தில் இருக்கும். பகுதிநேர நூலகம் எப்போது திறக்கும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்.

இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் கூட இருக்கலாம். இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். 1931-ல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் நடத்தி, கிராமம் கிராமமாகப் புத்தகத்தைக் கொண்டுபோனார். அதே வருஷம் ரங்கநாதன் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்தவே என்பது. இன்றும் சில பள்ளிகளில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் பூட்டிய பீரோ. கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று பயம். கிழிந்தால் கொண்டுவாருங்கள், ஒட்டித் தருகிறேன், பள்ளிப் புத்தகத்துக்குக் காசு வாங்குவதில்லை.

சரஸ்வதி பூஜைக்கு டேப்லெட்டை வைக்கலாமா மாமா?

ஏழாம் வகுப்புப் பையன் கேட்டது. வைக்கலாம். புத்தகத்தை வைத்தால் அன்றைக்குத் தொடக் கூடாது என்பது வழக்கம், டேப்லெட்டுக்கும் அதே விதி என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பூந்தோட்டம் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் விஜயதசமிக்கு வரும் கூட்டத்தைப் பாருங்கள், எல்லார் கையிலும் நோட்டும் பேனாவும்தான்.

ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு வச்சிருக்காங்க. அது வேணாம்னு சொல்லணுமா?

வேண்டாம். இதயம் எப்படித் துடிக்கிறது, எரிமலை எப்படி வெடிக்கிறது என்பதைப் புத்தகத்தால் காட்ட முடியாது. நான் சொல்வது, பார்ப்பது திரையில், படிப்பது தாளில். பாடப் பக்கத்தையே திரையில் போட்டு, அதைப் பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள் என்றால் மட்டும் கேளுங்கள்: அதே பக்கம் பிள்ளையின் மடியில் இருக்கும்போது எதற்கு என்று. ஆசிரியர்கள் கேட்டால் இன்னொன்றும் சொல்வேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறது. அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடி எடுங்கள்.

பையன் ஜேஇஇ எழுதப் போறான். அது கம்ப்யூட்டர்லதானே? தாள்ல படிச்சுப் பழகினா அங்க திணற மாட்டானா?

பரீட்சை எழுதும் முறையும் பாடம் படிக்கும் முறையும் வேறு. ஜேஇஇ மெயின் கணினியில்தான். அதற்கு மாதிரித் தேர்வுகளைக் கணினியில் எழுதிப் பழக வேண்டும், கடைசி சில மாதம். கருத்தைப் புரிந்துகொள்வதும் கணக்குப் போடுவதும் தாளில்தான் நடக்கும், தேர்வறையிலும் கணக்குப் போட வெள்ளைத்தாள்தான் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முழுக்கத் தாள். குரூப் 4 எழுதுகிறவர்களுக்கு ஓஎம்ஆர் தாள். அதில் வட்டத்தைக் கறுப்பாக்கவும் பயிற்சி வேண்டும், அதற்கு ஜெராக்ஸ் போதும்.

புத்தகம் வாங்கிக் குடுத்தும் தொட மாட்டேங்குறான். எனக்கே நாலு பக்கம் தாண்ட மாட்டேங்குது.

கேள்வியின் இரண்டாம் பாதியில் பதில் இருக்கிறது. அப்பா சோபாவில் போனோடு, பையன் தரையில் புத்தகத்தோடு என்றால் ஒரு வாரம் கூட ஓடாது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம், எல்லாப் போனும் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். நீங்கள் செய்தித்தாள் படியுங்கள், பஞ்சாங்கம் படியுங்கள், எதுவானாலும் சரி.

நாலு பக்கம் என்றால் நாலு பக்கத்தோடு நிறுத்துங்கள், மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள். தஞ்சாவூர் போய் வரும் பஸ்ஸில் பலருக்கு முதல் புத்தகம் முடிகிறது. பிள்ளைக்கு அவன் வகுப்புக்கு ஒரு படி கீழே உள்ள புத்தகம் கொடுங்கள், முடித்த தெம்பில் அடுத்ததை எடுப்பான். புத்தகத் திருவிழா இப்போது மாவட்டம் தோறும் நடக்கிறது. அங்கே அவன் எடுப்பதை வாங்கிக் கொடுங்கள், நீங்கள் எடுத்ததை அல்ல. பேய்க் கதையாக இருந்தாலும்.

எம் பொண்ணுக்குப் பார்வை குறைவு. போன்ல பெருசு பண்ணித்தான் படிக்குது. அதையும் பிடுங்கணுமா?

கூடவே கூடாது. தாள் நல்லது என்று மேலே சொன்னதெல்லாம் எழுத்து கண்ணுக்குத் தெரிகிற பிள்ளைகளைப் பற்றியது. பார்வைக் குறைவு உள்ள பிள்ளைக்கும், எழுத்துகள் குழம்பித் தெரியும் பிள்ளைக்கும், எழுத்தைப் பெரிதாக்குவதும் சத்தமாகப் படித்துக் காட்டுவதும் போன் செய்யும் உருப்படியான வேலை. பள்ளியில் செல்போன் கூடாது என்று விதி இருந்தால், டாக்டர் சான்றிதழைக் கொடுத்து இந்தப் பிள்ளைக்கு விலக்குக் கேளுங்கள்.

தாளும் வேண்டும் என்று அவள் கேட்டால் வழி இருக்கிறது. ஏ4 பக்கத்தை 141 சதவீதம் பெரிதாக்கினால் ஏ3 தாளில் சரியாக உட்காரும். வெள்ளைத் தாள் கூசினால் இளமஞ்சள் தாளில் எடுக்கலாம். ஒரே ஒரு பக்கம் எடுத்துப் போய் அவள் உட்காரும் இடத்தில், அந்த விளக்கில் படிக்கச் சொல்லிப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் மீதியைக் கொண்டுவாருங்கள்.